ட்சைட்லர் என்ற ஜெர்மன் குடும்பப் பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் போய் நின்றால், அழைப்புமணிப் பலகையில் வீட்டு எண்களைத் தேடிப் பயனில்லை. வரிசையாகக் குடும்பப் பெயர்கள்தான் எழுதியிருக்கும். முல்லர், ஷ்மிட், வெபர், மறுபடி முல்லர். எப்போதாவது அந்த வரிசையில் ட்சைட்லர் என்று ஒரு பெயர் தென்படும். அது ஒரு தொழிலின் பெயர். அந்தத் தொழில் ஜெர்மனியில் அழிந்து பல தலைமுறை ஆகிவிட்டது, பெயர் மட்டும் மணிப் பலகைகளில் மிச்சமிருக்கிறது. இந்தப் பெயரைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ட்சைட்லர் என்றால் என்ன பொருள்?

காட்டில் தேனீ வளர்ப்பவர். தோட்டத்தில் பெட்டி வைத்து வளர்ப்பவரை இந்தச் சொல் குறிக்காது. உயர்ந்த மரங்களின் உடலில் பொந்து குடைந்து, தேனீக்களை அங்கே குடிவைத்து, வருடா வருடம் மரமேறித் தேனடை வெட்டியவர்தான் ட்சைட்லர். பழைய ஜெர்மனில் 'ட்சைடல்ன்' என்ற வினைச்சொல்லுக்குத் தேனடை வெட்டுவது என்று பொருள். 'ட்சைடல்பேர்' என்றால் தேனடை தேடி வரும் கரடி. இன்றைய பேச்சு ஜெர்மனில் இந்த வினை வழக்கில் இல்லை. அந்தப் பெயரைத் தாங்கியவர்களிலேயே பலருக்குத் தங்கள் பெயரின் பொருள் தெரியாது.

எப்படி உச்சரிப்பது?

ஜெர்மனில் இஸட் எழுத்துக்கு 'ட்ஸ்' ஒலி. ஆகவே ட்சைட்லர். அமெரிக்காவுக்குக் குடியேறிய குடும்பங்களின் பெயர் அங்கே ஸைட்லர் என்று மென்மையாகிவிட்டது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

சுமார் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய உயர் ஜெர்மனிலேயே 'ட்சீடலாரி' என்ற வடிவம் இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஸ்லாவிய மொழிகளில் தேனீயைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஜெர்மானியர் கடன் வாங்கியது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இல்லை, இது ஜெர்மானிய மொழிக்குள்ளேயே பிறந்தது என்கிறது இன்னொரு தரப்பு. கடன் வாங்கியிருக்கலாம் என்று நினைக்க நல்ல காரணம் உண்டு. இந்தத் தொழில் செழித்த இடங்கள் பெரும்பாலும் ஜெர்மானியரும் ஸ்லாவியரும் அருகருகே வாழ்ந்த கிழக்குப் பகுதிகள். போலந்து, செக், ரஷ்ய நாடுகளின் காடுகளிலும் இதே தொழில் இதே முறையில் நடந்தது. தொழில் கைமாறும்போது சொல்லும் சேர்ந்து கைமாறுவது இயல்புதானே.

தொழிற்பெயர் எப்போது குடும்பப் பெயராக மாறியது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்தோடு வளர்ந்த நமக்கு, தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர் ஒட்டிக்கொண்டு வருவது அவ்வளவு பழக்கமில்லை.

ஜெர்மன் மொழி பேசும் நிலங்களிலும் ஒரு காலத்தில் ஆளுக்கு ஒரு பெயர்தான். 12ஆம் நூற்றாண்டு வாக்கில் தெற்கிலும் மேற்கிலும் நகரங்கள் பெருத்தன. ஒரே தெருவில் நாலு ஹைன்ரிக், ஆறு கொன்ராட் என்று ஆனபோது, வரி எழுதுபவருக்கும் பத்திரம் எழுதுபவருக்கும் அடையாளம் தேவைப்பட்டது. அப்பா பெயர், வந்த ஊர், வீடு இருந்த இடம், உடல் அல்லது குணம் பற்றிய பட்டப்பெயர், செய்த தொழில் என்று ஐந்து வழிகளில் அடையாளம் ஒட்டப்பட்டது.

ஆனால் அடையாளம் வேறு, குடும்பப் பெயர் வேறு. உதாரணத்துக்கு, 'ட்சைட்லராகிய ஹைன்ரிக்' என்று ஓர் ஏட்டில் இருந்தால் அவர் தேனீக்காரர் என்று மட்டும்தான் பொருள். அவருடைய மகன் தையற்காரராகி, அவரையும் 'ஹான்ஸ் ட்சைட்லர்' என்று எழுதத் தொடங்கும் இடத்தில்தான் அது குடும்பப் பெயராகிறது. சொல் தொழிலிலிருந்து கழன்று குடும்பத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த இடத்தை ஏடுகளில் கண்டுபிடிப்பதுதான் பெயராய்வில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. நகரங்களில் இது முன்பே நடந்தது, கிராமங்களில் பிந்தியது. வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் பலர் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில், 1811இல் உத்தரவு வந்த பிறகுதான் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் காட்டுத் தேன்காரர்கள் உண்மையில் என்ன செய்தார்கள்?

வயதான, நல்ல பருமனுள்ள மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் பைன் மரம். தரையிலிருந்து சுமார் ஆறு மீட்டர் உயரத்தில் உளியாலும் கோடரியாலும் ஓர் ஆள் கை நன்றாக உள்ளே போகும் அளவுக்குப் பொந்து குடைவார்கள். குடைந்த இடம் நன்றாகக் காய வேண்டும். பிறகு அதன் வாயைப் பலகையால் மூடி, தேனீ போய்வரச் சின்னத் துளை விடுவார்கள். காற்றில் மரம் முறியாமலிருக்க உச்சியை வெட்டிவிடுவதும் உண்டு. மரத்தில் உரிமையாளரின் குறி செதுக்கப்பட்டிருக்கும். அந்தக் குறியை அழிப்பதும் அடுத்தவர் அடையைத் திருடுவதும் பெரிய குற்றம், தண்டனையும் கடுமை.

கரடிக்கு ஒரு தனி உபாயம் இருந்தது. பொந்தின் வாய்க்கு எதிரே கனமான கட்டையைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். கரடி அதைத் தள்ளும், அது ஆடி வந்து கரடியையே இடிக்கும். கரடி இன்னும் வேகமாகத் தள்ளும், கட்டை இன்னும் வேகமாகத் திரும்பி வரும்.

அடை வெட்டும்போது எல்லாவற்றையும் எடுத்துவிடக் கூடாது. தேனீக்கூட்டம் குளிர்காலத்தைத் தாண்டத் தேவையானதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு விட வேண்டும் என்ற கணக்கு கையனுபவத்தில் வருவது. அப்பாவிடமிருந்து மகனுக்குத் தொழில் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவர்கள் ஏழைக் காட்டுவாசிகளா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. சர்க்கரை கிடைக்காத காலத்தில் இனிப்பு என்றால் தேன்தான். தேவாலயத்தில் எரிந்த மெழுகுவர்த்திக்குத் தேன்மெழுகு வேண்டும். ஆக, காட்டிலிருந்து வந்த இந்த இரண்டு பொருளுக்கும் எப்போதும் விலை இருந்தது.

இதற்குச் சிறந்த சாட்சி நியூரம்பெர்க் நகரைச் சுற்றியிருந்த ரைக்ஸ்வால்ட் என்ற அரசுக் காடு. 'பேரரசின் தேனீத் தோட்டம்' என்றே அதற்குப் பெயர். 1350இல் அரசர் நான்காம் கார்ல், இந்தக் காட்டின் ட்சைட்லர்களுடைய உரிமைகளை எழுத்தில் உறுதிசெய்து கொடுத்தார். ஐந்து வருடம் கழித்து ரோமாபுரியில் பேரரசராக முடிசூடிய அதே கார்ல்தான். ட்சைட்லர்கள் குறுக்குவில் வைத்துக்கொள்ளலாம். பேரரசின் நகரங்களில் சுங்கம் கட்ட வேண்டாம். பதிலுக்கு, அரசர் கேட்கும்போது வில்லோடு வந்து நிற்க வேண்டும், தேன்வரியும் செலுத்த வேண்டும். தேனீ விவகாரங்களை விசாரிக்க அவர்களுக்கென்று தனி நீதிமன்றம் இருந்தது. அது கூடிய ஊர் நியூரம்பெர்க்குக்குத் தென்கிழக்கே உள்ள ஃபாய்ஷ்ட். இன்று அங்கே இந்தத் தொழிலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

நியூரம்பெர்க் என்றதும் 'லேப்கூகென்' என்ற கிறிஸ்துமஸ் காலத்து மசாலாத் தேன்பண்டம் பலருக்கு நினைவு வரும். அது அந்த ஊரில் பேர்பெற்றதற்குப் பக்கத்துக் காட்டுத் தேன் ஒரு பெரிய காரணம். இன்னொரு காரணம், வணிகப் பாதைகள் வழியே அங்கே வந்துசேர்ந்த கிழக்கத்திய மசாலாக்கள். ட்சைட்லர் என்ற பெயருக்குப் பின்னால் வில்லும் உரிமைப் பத்திரமும் வைத்திருந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தப் பெயர் ஏன் முல்லர் அளவுக்குப் பரவவில்லை?

முக்கியமான கேள்வி இதுதான். ஜெர்மனியில் அதிகம் வழங்கும் பெயர்களைப் பாருங்கள். முல்லர் மாவு அரைப்பவர், ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையற்காரர், ஃபிஷர் மீன்பிடிப்பவர், வெபர் நெசவாளி, வாக்னர் வண்டி செய்பவர், பெக்கர் ரொட்டி சுடுபவர். நமக்குப் பழக்கமான மாக்ஸ் முல்லர், போரிஸ் பெக்கர், பந்தயக் கார் ஓட்டிய ஷூமாக்கர் எல்லோருடையதும் தொழிற்பெயர்தான். ஷூமாக்கர் என்றால் செருப்பு தைப்பவர்.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. எந்த ஊரிலும் ஒரு மாவு ஆலை வேண்டும், ஒரு கொல்லர் வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல், முல்லர் என்ற பெயர் முளைத்தது. ஆயிரம் ஊர்களில் ஆயிரம் முதல் முல்லர்கள். தேனீக்காட்டுக்கு அப்படி ஒரு பரவல் கிடையாது. பெரிய, பழைய, அரசுப் பாதுகாப்புள்ள காடு இருந்த இடத்தில்தான் ட்சைட்லர் இருந்தார். அங்கேயும் உரிமை பெற்ற பண்ணைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான், அவையும் வாரிசுகளுக்கே போயின.

அப்புறம், இதே வேலைக்கு எல்லா வட்டாரத்திலும் இதே சொல் இல்லை. வடக்கே தேனீ வளர்ப்பு பெரும்பாலும் வைக்கோல் கூடைகளில் நடந்தது. அங்கே வழங்கிய சொல் 'இம்கர்'. 'இம்மெ' என்றால் தேனீ, 'கார்' என்றால் கூடை. இன்றைய ஜெர்மனில் தேனீ வளர்ப்பவருக்குப் பொதுச்சொல்லாக நிலைத்தது இந்த இம்கர்தான். கிழக்கே பிரஷ்யப் பக்கம் மரப்பொந்துக்கும் கூட்டுக்கும் 'பாய்ட்டெ' என்று பெயர். அதிலிருந்து பாய்ட்னர் என்ற பெயர் பிறந்தது. அது ட்சைட்லரைவிடவும் அரிது. ஒரே தொழில் மூன்று சொற்களாகப் பிரிந்ததால், எந்தச் சொல்லும் பெருங்கூட்டமாகவில்லை.

சரி, எவ்வளவு அரிது? எண்ணிக்கை சொல்ல முடியுமா?

முதலில் ஒன்று. ஜெர்மன் அரசு, குடும்பப் பெயர்களை எண்ணிப் பட்டியலாக வெளியிடுவதில்லை. ஆய்வாளர்கள் நம்புவது தொலைபேசி இணைப்புகளின் பட்டியலை. வீட்டுக்கு வீடு நிலைத்தொலைபேசி இருந்த காலத்தின் கடைசிக் கட்டமான 2005ஆம் ஆண்டுத் தரவுதான், ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபட ஏட்டுக்கும், மைன்ட்ஸ் நகர அறிவியல் கழகம் இணையத்தில் தொகுத்துவரும் குடும்பப் பெயர் அகராதிக்கும் அடிப்படை. ஓர் இணைப்புக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருப்பதால், ஆட்கள் எண்ணிக்கை அதைவிட இரண்டு மூன்று மடங்கு என்று கணக்கிடுவார்கள்.

அந்த வகைக் கணக்கில் முல்லருக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல் இணைப்புகள். ட்சைட்லர் ஆயிரங்களில் நிற்கும் பெயர். ஆகவே 'அபூர்வம்' என்று சொல்வதைவிட 'அரிது' என்று சொல்வது பொருத்தம். ஜெர்மனியில் பல லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை ஒருசில குடும்பங்களில் மட்டுமே வழங்குபவை. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் ட்சைட்லருக்கு நல்ல இடம்தான். ஆனாலும் ஜெர்மனியின் பல பகுதிகளில் ஒருவர் வாழ்நாள் முழுக்க ஒரு ட்சைட்லரைக்கூடச் சந்திக்காமல் இருந்துவிடலாம்.

எந்தப் பகுதியில் அதிகம்?

கிழக்கே சாக்சனியில் ட்சைட்லர்கள் செறிவாக இருக்கிறார்கள். செக் எல்லையை ஒட்டிய ஏர்ட்ஸ்கெபிர்கெ மலைப்பகுதியும் லவுசிட்ஸ் பகுதியும் பழைய தேனீக்காடுகள். அதே பெயரின் இன்னொரு எழுத்துவடிவம் வடக்கு பவேரியாவில், ஓபர்ஃபால்ட்ஸிலும் மேல் ஃபிராங்கோனியாவிலும் மிகுதி. பெயர் வரைபடத்தையும் பழைய காட்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறது. காடு போனபின்னும் மக்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

இன்னொரு எழுத்துவடிவம் என்றீர்களே, அது என்ன?

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ரோமன் எழுத்தில்தான் வேறுபாடு. நடுவிலுள்ள 'ட' ஒலியை 'டேவிட்' என்பதன் முதல் எழுத்தால் எழுதுவது ஒரு வகை, 'டைம்' என்பதன் முதல் எழுத்தால் எழுதுவது இன்னொரு வகை. ஃபிராங்கோனிய, சாக்சனிய வட்டாரப் பேச்சில் இந்த இரண்டு ஒலிக்கும் வேறுபாடே கேட்காது. ஞானஸ்நான ஏட்டை எழுதிய போதகரின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். ஒரே அப்பாவின் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகப் பதிவானதும் உண்டு. 1876 ஜனவரி முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு அலுவலகமே பதியத் தொடங்கியது. அதன்பின் எழுத்துகள் உறைந்தன. அன்றைக்கு எழுதப்பட்டிருந்த வடிவமே சட்டப்படியான பெயராகிவிட்டது.

ட்சைட்ல்மன் என்று 'மனிதர்' சேர்ந்த வடிவமும் உண்டு.

ஒலியில் நெருக்கமான மற்ற பெயர்களும் இதே குடும்பமா?

கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. சைட்லர் என்று 'ச' ஒலியில் தொடங்கும் பெயர் சில குடும்பங்களில் ட்சைட்லரின் திரிபாக இருக்கலாம். ஆனால் சைடல், சைட்ல் என்ற பெயர்கள் பொதுவாக ஸீக்ஃப்ரீட் போன்ற ஆள்பெயர்களின் சுருக்கம். அவற்றுக்கும் தேனீக்கும் சம்பந்தமில்லை. ட்சீக்லர் செங்கல், ஓடு செய்பவர். பழைய கையெழுத்தில் இதையும் ட்சைட்லரையும் மாற்றிப் படித்துவிடுவது எளிது. பாய்ட்னர் தேனீக்காரர், ஆனால் ஓர் எழுத்து மாறி பாய்ட்லர் ஆனால் அவர் பணப்பை தைப்பவர்.

ட்சைட்லின் என்ற யூதக் குடும்பப் பெயரையும் பலர் இதோடு சேர்க்கிறார்கள். அது ட்சைட்ல் என்ற பெண்ணின் பெயரிலிருந்து வந்தது, தாய்வழியில் பிறந்த குடும்பப் பெயர்.

இந்தப் பெயருள்ளவரின் முன்னோர் கட்டாயம் தேனீ வளர்த்தவர்தானா?

பெரும்பாலும் ஆம். ஆனால் சத்தியம் செய்ய முடியாது. ஊர்ப்பெயர் வழியாகவும் இந்தப் பெயர் வந்திருக்க வழி உண்டு. ரேகன்ஸ்பர்க் அருகே ட்சைட்லார்ன் என்று ஓர் ஊர், அதன் பொருளே 'தேனீக்காரர்கள் இருக்கும் இடம்'.

செக் நாட்டின் வடகோடியில் ப்ர்த்னீகி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஜெர்மானியர் வாழ்ந்தவரை அந்த ஊரின் ஜெர்மன் பெயர் ட்சைட்லர். செக் மொழியில் 'ப்ர்த்னீக்' என்றாலும் மரப்பொந்தில் தேனீ வளர்ப்பவர்தான். ஒரே ஊருக்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருளில் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தப் பகுதியின் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள், ஜெர்மன் ஊர்ப்பெயரும் வழக்கொழிந்தது. செக் பெயர் அதே தேனீக்காரரை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெயரைத் தேடிப் போனதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி இந்தச் சின்ன ஊர்தான். போலந்தின் பார்ட்னிக், ரஷ்ய, உக்ரைனிய போர்ட்னிக் ஆகிய குடும்பப் பெயர்களும் இதே தொழிலிலிருந்து வந்தவை.

தொழில் ஏன் அழிந்தது?

ஒரே நாளில் அழியவில்லை. பல பக்கத்திலிருந்தும் நெருக்கடி வந்தது. நியூரம்பெர்க் 1525இல் லூதரின் சீர்திருத்தத்தை ஏற்றது. புதிய வழிபாட்டில் முன்போல மெழுகுவர்த்தி தேவைப்படவில்லை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் ஃபிராங்கோனியாவைச் சூறையாடியது. கடல் கடந்து வந்த கரும்புச் சர்க்கரை மெல்ல மெல்ல மலிந்தது. 1747இல் பெர்லினில் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் பீட் கிழங்கில் சர்க்கரை இருப்பதைக் காட்டினார். அவருடைய மாணவர் ஆக்கார்ட், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலேசியாவில் முதல் பீட் சர்க்கரை ஆலையை நிறுவினார். அதன்பின் தேன், சாப்பாட்டு மேசையில் அரசனாக இருக்க முடியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட, காட்டை மரத்துக்காகப் பார்க்கும் பார்வைதான் ட்சைட்லரை வெளியேற்றியது என்று நான் நினைக்கிறேன். 1368இல், கார்லின் உரிமைப் பத்திரம் வந்து பதினெட்டே வருடத்தில், பேட்டர் ஷ்ட்ரோமர் என்ற நியூரம்பெர்க் வணிகர் இதே ரைக்ஸ்வால்டில் ஊசியிலை மர விதைகளை விதைத்துக் காடு வளர்த்தார். திட்டமிட்ட வனவளர்ப்பின் தொடக்கங்களில் ஒன்றாக அதை இன்றும் போற்றுகிறார்கள். வனத்துறைக்கு நேரான, ஓட்டையில்லாத மரம் வேண்டும். ட்சைட்லருக்கு வயதான, பொந்து குடையத் தோதான மரம் வேண்டும். இரண்டும் ஒரே காட்டில் நெடுங்காலம் சேர்ந்து வாழ முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஃபாய்ஷ்டின் தேனீ நீதிமன்றமும் இல்லாமல் போனது.

இந்தப் பெயரில் புகழ்பெற்றவர்கள் யார்?

சிலரை மட்டும் சொல்கிறேன். எபர்ஹார்ட் ட்சைட்லர் என்ற பெயரில் இருவர். ஒருவர் லைப்ட்சிக் நகரின் கணிதவியலாளர், அங்கே மாக்ஸ் பிளாங்க் கணித நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மற்றவர் ஜெர்மனியில் பிறந்து கனடாவில் குடியேறிய கட்டடக் கலைஞர். டொரொண்டோவில் வாழும் நம்மவர்கள் வார இறுதியில் போய்வரும் ஈட்டன் சென்டர் அவர் வடிவமைத்தது. வொல்ஃப்காங் ட்சைட்லர் 1983 முதல் 1987 வரை ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றத் தலைவர்.

அமெரிக்காவில் ஜெர்மானியர் நிறைந்த மில்வாக்கி நகரத்தில் அண்ணனும் தம்பியும் மேயரானார்கள். அண்ணன் கார்ல், 1916இலிருந்து பதவியிலிருந்த சோஷலிஸ்ட் மேயரை 1940இல் தோற்கடித்தவர். பதவிக் காலத்தின் நடுவிலேயே கடற்படையில் சேர்ந்து, 1942இல் கப்பலோடு கடலில் மறைந்தார். தம்பி ஃபிராங்க் சோஷலிஸ்ட். 1948 முதல் 1960 வரை அதே நாற்காலியில் இருந்தார்.

ஆனால் உலகத்தை அதிகம் தொட்டவர் ஓட்மார் ட்சைட்லர். ஆஸ்திரியர். ஸ்ட்ராஸ்பூர்கில் புகழ்பெற்ற வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது, 1874இல் ஒரு புதிய சேர்மத்தை உருவாக்கி அதன் விவரத்தை வெளியிட்டார். அதற்கு என்ன பயன் என்று அவருக்குத் தெரியாது. பிறகு வியன்னாவில் மருந்தாளுநராக வாழ்ந்து 1911இல் இறந்தார். அந்தச் சேர்மம் டி.டி.டி.

அது பூச்சிகளைக் கொல்லும் என்று 1939இல் கண்டுபிடித்தவர் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் வேலை பார்த்த பவுல் ஹெர்மன் முல்லர். 1948இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர் வீடுகளில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் வந்து மருந்தடித்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனார்களே, அதே டி.டி.டி. தேனீக்காரன் என்று பெயர் கொண்டவர் செய்த பொருள், மாவரைப்பவன் என்று பெயர் கொண்டவர் கையில் பூச்சிக்கொல்லியானது. தேனீயும் ஒரு பூச்சிதான். இதை முதன்முதலாக ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தபோது வெகுநேரம் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

ட்சைட்லர் வம்சத்தைத் தேடுபவர்கள் எங்கே தொடங்கலாம்?

ஊரிலிருந்து தொடங்க வேண்டும், பெயரிலிருந்து அல்ல. பெயர் பல இடங்களில் தனித்தனியாக முளைத்திருப்பதால், இரண்டு ட்சைட்லர்கள் உறவினர் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. 1876க்குப் பிந்தியதற்குப் பதிவு அலுவலக ஏடுகள், அதற்கு முந்தியதற்குத் தேவாலய ஏடுகள். புராட்டஸ்டண்டு ஏடுகள் பல 'ஆர்க்கியோன்' தளத்திலும், கத்தோலிக்க ஏடுகள் பல 'மாட்ரிகுலா' தளத்திலும் படங்களாகக் கிடைக்கின்றன. 'குர்ரென்ட்' என்ற பழைய கையெழுத்தைப் படிக்கப் பழகிக்கொள்ளாமல் அங்கே ஒரு வரிகூட நகராது.

பெண்களின் பெயரில் ஒரு நுட்பம் உண்டு. 18ஆம் நூற்றாண்டுவரை பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' சேர்த்து 'ட்சைட்லரின்' என்று எழுதுவார்கள். தமிழ் வாசகருக்கு அது வேற்றுமை உருபு போலத் தோன்றும். அது பெண்பால் விகுதி.

'உங்கள் குடும்பச் சின்னம் இதுதான்' என்று கேடயம் வரைந்து விற்பவர்களிடம் பணம் கொடுக்க வேண்டாம். பெயருக்குச் சின்னம் கிடையாது, குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்குத்தான் உண்டு.

இன்று யாராவது இந்தத் தொழிலைச் செய்கிறார்களா?

செய்கிறார்கள். உரால் மலையடிவாரத்தில் பாஷ்கோர்தோஸ்தானில் மரப்பொந்துத் தேனீ வளர்ப்பு இடையறாமல் நீடித்தது. போலந்துக்காரர்கள் அங்கே போய்க் கற்றுவந்து தங்கள் காடுகளில் மறுபடி தொடங்கினார்கள். 2020இல் போலந்தும் பெலருசும் சேர்ந்து விண்ணப்பித்து, இந்த மரபை யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்த்தன. போலந்திலிருந்து ஜெர்மனிக்கும் அது திரும்பி வந்திருக்கிறது. கயிறு கட்டி மரமேறிப் பொந்து குடையப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதைக் கற்றுக்கொள்பவர்களின் குடும்பப் பெயர் எதுவாகவும் இருக்கலாம். செய்யும் வேலையால் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர் ட்சைட்லர்.